எதிர்வீட்டு ஊலாங்

ஆடி மாதத்துச் சாரல் தென்காசியை நனைத்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர் இசக்கிதுரை தம் வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு சபதம் செய்தார். பணியில் இருந்தவரை கம்பிக்குப் பின்னால் மற்றவர்களை நிற்கவைத்தவர் அவர். இன்று தாமே நிற்கிறோம் என்பது அவருக்கு உறைக்கவில்லை. சபதத்தின் வேகம் அப்படி.

சபதம் இதுதான்: இனிமேல் தம் மனைவி ஜெயசித்ரா நாலு மணித் தேநீரைத் தம் வீட்டில், தம் பக்கத்தில் உட்கார்ந்துதான் குடிக்க வேண்டும். எதிர்வீட்டில் அல்ல.

சின்ன ஆசைதான். ஆனால் அதற்கு வயது அதிகம். போலீஸ் வேலையில் இருந்தவரை நாலு மணிக்கு அவர் வீட்டில் இருந்ததே கிடையாது. புளியறை சோதனைச் சாவடியில் லாரிக்காரர்களுக்கு நடுவே நின்றுகொண்டும், திருவிழாப் பந்தோபஸ்தில் நடந்துகொண்டும், ஸ்டேஷனில் ஒருவனை முறைத்துக்கொண்டுமே தேநீர் குடித்துப் பழகியவர். அப்போதெல்லாம் மனதுக்குள் ஒரு படம் வைத்திருந்தார். வெளியே சாரல். உள்ளே இரண்டு நாற்காலி. இரண்டு டம்ளர். ஒரு நாற்காலியில் அவர், இன்னொன்றில் ஜெயசித்ரா.

ஓய்வு பெற்றார். சாரலும் வந்தது. நாற்காலியும் இரண்டு இருந்தன. டம்ளர் மட்டும் ஒன்றுதான் வந்தது. ஜெயசித்ரா அதை மேசையில் ணங்கென்று வைப்பாள், குடையை விரிப்பாள், தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்குள் போய்விடுவாள். திரும்பி வரும்போது தெருவிளக்கு எரியும்.

முதல் நாள் அவர் பொறுத்துக்கொண்டார். அடுத்தடுத்த நாட்களில் பொறுத்துக்கொள்வதுபோல் நடித்தார். பிறகு விசாரணை தொடங்கியது.

"எங்க போயிட்டு வார?"

"எதிர்த்த வீட்டுக்கு."

"அங்கன என்ன?"

"டீ."

"அப்பொ இங்கன நான் குடிச்சது என்னது?"

"அதும் டீதான். ஆனா அது நான் போட்டது."

"சரி, அங்கன குடிச்சது?"

"அது பால்வண்ணம் அண்ணாச்சி போட்டது. தைவான் மலையில விளைஞ்ச எலையாம். குடிச்சா பூ வாசம் வருது. அண்ணாச்சி அவிய கையாலயே ஊத்திக் குடுக்காவ."

கடைசி வாக்கியத்தை அவள் கொஞ்சம் நிறுத்தி, நிதானமாகச் சொன்னாள். நடுமுதுகில் விழுந்த எறும்புபோல அது இசக்கிதுரையைக் கடித்தது. கையும் எட்டவில்லை. அவிய கையாலயே.

பால்வண்ணநாதன் வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். மகன் தைவானில் சிப் தயாரிக்கும் தொழிற்சாலையில் எஞ்சினியர். அவரும் மனைவி குருவம்மாளும் அங்கே சில மாதம் இருந்துவிட்டு வந்தார்கள். வெளிநாடு போய் வந்தவர்கள் சென்ட், சாக்லேட் என்று கொண்டுவருவார்கள். பால்வண்ணநாதன் கொண்டுவந்தது அலிஷான் மலை ஊலாங் தேயிலை, கைப்பிடி அளவு மண்கூஜா இரண்டு, அதைவிடச் சின்னக் கிண்ணங்கள்.

ஊலாங் என்பது பச்சைத் தேயிலைக்கும் நாம் குடிக்கும் கறுத்த தேயிலைக்கும் நடுவில் நிற்பது. இலையை வாட்டி, கொஞ்சம் மட்டும் நிறம் மாற விட்டு, மேற்கொண்டு மாறாமல் சூடுகாட்டி, பந்து பந்தாக உருட்டிக் காயவைப்பார்கள். இந்தப் பக்கமும் முழுக்கச் சாயாமல் அந்தப் பக்கமும் முழுக்கச் சாயாமல் இருக்கும், மாமனார் வீட்டோடு தங்கிவிட்ட மருமகனைப் போல. மேகம் தங்கும் உயரத்தில் விளைவது என்பதால் குறிஞ்சி நிலத்துச் சரக்கு என்று தாராளமாகச் சொல்லலாம். ஊடலை மட்டும் நம் முன்னோர் மருதத்துக்கு எழுதிவைத்தார்கள். கணவன் வேறு வாசல் போவான். மனைவி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மனைவி எதிர்வாசலுக்குத் தேநீர் குடிக்கப் போய், ஓய்வுபெற்ற எஸ்.ஐ. முகத்தைத் திருப்பிக்கொண்டால் அது எந்தத் திணை என்று அவர்கள் யோசிக்கவில்லை. அவர்கள் காலத்தில் ஓய்வூதியம் இல்லை.

இசக்கிதுரை ஜன்னலோரம் கண்காணிப்பை ஆரம்பித்தார். கையில் செய்தித்தாள், கண் எதிர்வாசலில். ஒரு நாள் ஜெயசித்ரா தலைக்குப் பிச்சிப்பூ வைத்துப் போனாள். பதிந்துகொண்டார். இன்னொரு நாள் கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற சில்க் காட்டன் புடவை. அதையும் பதிந்துகொண்டார். எதிர்வீட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. யார் சிரிப்பு என்று அடையாளம் தெரிந்தது. தம் வீட்டில் அந்தச் சிரிப்பைக் கடைசியாகக் கேட்டது எப்போது என்று யோசித்தார். ஞாபகம் வரவில்லை. செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தது மட்டும் அப்போது தெரிந்தது.

வீட்டுக்குள்ளும் பால்வண்ணநாதன் வந்துவிட்டார், ஆள் வராமலே.

"உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கே, ஏட்டி."

"பால்வண்ணம் அண்ணாச்சியும் உப்பக் கொறைக்கத்தான் சொன்னாவ."

"மழை விடுமா விடாதா?"

"விடாதாம். அண்ணாச்சி சொன்னாவ."

"அவரு என்ன வருண பகவானா?"

"வெவசாய ஆப்பீசர்லா? நாலு சங்கதி தெரியும். வெந்நி கூட எந்தப் பதத்துல எறக்கணும்னு தெரியுது அவியளுக்கு. உங்களுக்கு நம்ம வீட்டு அடுப்புல எந்தத் திருகு எந்த பர்னர்னு தெரியுமா?"

"அது ஆம்பள பாக்குத சோலியா? தெருமுனை லிங்கேஸ்வரனப் பாரு. பாவூர்சத்திரம் மார்க்கெட்டையே ஆட்டிவைக்கான். வீட்ல ஒரு செம்புத் தண்ணி தானா எடுத்துக் குடிச்சது கெடையாது. ஆம்பளன்னா அவன்."

"ஆமா," என்றாள் ஜெயசித்ரா. "அவரு பொண்டாட்டி மாரிச்செல்வியும் அதத்தான் சொல்லிச் சொல்லி அழுவா."

மறுநாள் இசக்கிதுரை நேரடிச் சோதனைக்கு இறங்கினார். நாலேகாலுக்கு, குடைகூட இல்லாமல், தெருவைக் கடந்து எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். செய்தித்தாள் இரவல் கேட்க வந்ததாகச் சொன்னார். அவர் கக்கத்தில் அதே செய்தித்தாள் இருந்தது.

"வாங்க சார், வாங்க! சரியான நேரத்துக்கு வந்திய," என்று பால்வண்ணநாதன் எழுந்து வரவேற்றார். குற்றவாளி இப்படி வரவேற்பதை இசக்கிதுரை தம் பணிக்காலத்தில் பார்த்ததில்லை.

உள்ளே கண்ட காட்சி இது. குருவம்மாள் சோபாவில் காலை நீட்டிச் சாய்ந்திருந்தாள். ஜெயசித்ரா பக்கத்தில் காலை மடக்கி, மகாராணிபோல. வரவேற்ற ஆண்பிள்ளையோ மறுபடி தரையில் சம்மணம் போட்டு, முன்னால் ஒரு மரத்தட்டு, அதில் குழந்தைகள் விளையாடும் சொப்புச் சாமான் போன்ற கிண்ணங்கள். இரண்டு பெண்களும் அசையவே இல்லை. வெந்நீர் கொதித்தபோதுகூட அசையவில்லை. போய் இறக்கியவர் பால்வண்ணநாதன்.

ஒரு போலீஸ்காரர் கவனித்திருக்க வேண்டிய தடயம் இது. இசக்கிதுரை கவனித்தது மனைவியின் முகத்தை.

பால்வண்ணநாதன் குறுமிளகுபோல் உருண்டிருந்த இலையைக் கூஜாவில் போட்டு, வெந்நீர் ஊற்றி, மூடினார். மூடிய உடனேயே அத்தனையையும் தட்டில் கொட்டினார்.

"யோவ், என்ன கொட்டிட்டிய!"

"மொதத் தண்ணி கொட்டத்தான் செய்யணும் சார். எலை முழிச்சுக்கிடுததுக்கு."

"எலை தூங்குதா?"

"செத்தப் பொறுங்க," என்றாள் ஜெயசித்ரா. "சத்தம் போட்டா ருசி கெட்டுரும்."

இரண்டாவது வெந்நீர் ஊற்றி, சற்றுக் காத்து, கிண்ணங்களில் பகிர்ந்தார். கொன்றைப்பூவைக் கரைத்ததுபோல் மங்கலான மஞ்சள். பால் இல்லை, சீனி இல்லை. ஜெயசித்ரா கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்தி முகர்ந்தாள். கண்ணை மூடினாள். தாலி கட்டும்போதுகூட அவள் கண்ணை மூடியதாக இசக்கிதுரைக்கு நினைவில்லை, முறைத்ததாகத்தான் நினைவு.

அவரும் குடித்தார். ஒரு மடக்கில் முடிந்துவிட்டது. ஏதோ பூந்தோட்டத்து வாசலில் நிறுத்தி, உள்ளே விடாமல் கதவைச் சாத்தியதுபோல் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தால் வருமே, அப்படி ஓர் இனிப்பு தொண்டையில் திரும்பி வந்தது. நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததுதான் அவருக்கு அதிகம் எரிந்தது.

பால்வண்ணநாதன் அதே இலையில் மறுபடி தண்ணீர் ஊற்றினார். பிறகு மறுபடி.

"ஒரே எலையிலயா?"

"ஏழு தண்ணி வரைக்கும் தாங்கும் சார்."

"எங்க ஸ்டேஷனுக்கு எதிர்த்தாப்ல ஒருத்தன் ஒரே தூள ரெண்டு தடவ போட்டான். கடையையே தூக்கிருவேம்னு மெரட்டினேன் நான்."

"அது தூளு. இது எலை," என்று மூவரும் ஒரே குரலில் சொன்னார்கள். மூவரும். அதில் அவர் மனைவியின் குரல்தான் உரக்க இருந்தது.

இசக்கிதுரை கூஜாவைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். மூலையில் கவிழ்த்திருந்த தண்ணீர் கேனைப் பார்த்தார். பிடி கிடைத்தது.

"தண்ணி எங்க புடிக்கிய?"

"கேன் தண்ணிதான் சார். நம்ம போர்த் தண்ணி உப்பு. எலையக் கெடுத்துரும். இந்தத் தேயிலைக்கு உசிரே தண்ணிதான்."

"அப்பிடிச் சொல்லுங்க!" என்று இசக்கிதுரை எழுந்து நின்றார். "குத்தாலத்த மேக்கால வச்சுக்கிட்டு, கேன்ல அடைச்ச தண்ணியில டீ போடுதியளே, வெக்கமா இல்ல? உங்க எலையக் குடுங்க. அருவித் தண்ணியில நான் போடுதேன். ஞாயித்துக்கெழம நம்ம வீட்ல. எது நல்லாருக்குன்னு பொம்பளைய ரெண்டு பேரும் சொல்லட்டும்."

சவாலுக்குப் பதில் சவால் வரும் என்று எதிர்பார்த்தார். வந்தது ஒரு பொட்டலம். காற்று புகாமல் அடைத்த புதுப் பொட்டலத்தைப் பால்வண்ணநாதன் ஓடிப்போய் எடுத்து வந்தார். கூடவே உபரியாக இருந்த கூஜா ஒன்று, கிண்ணங்கள், ஒரு வடிகட்டி. அதோடு விடவில்லை. எவ்வளவு இலை, எவ்வளவு சூடு, எப்போது வடிக்க வேண்டும், கூஜாவை எப்படிக் கழுவ வேண்டும் என்று வாசல்வரை வந்து சொல்லிக்கொடுத்தார். "சோப்பு மட்டும் போட்டுராதிய சார். வெறும் வெந்நியில கழுவி, ஈரம் போகத் தொடச்சு, கவுத்தி வச்சுரணும். தெனமும்."

எதிரியே ஆயுதத்தைத் துடைத்து, எண்ணெய் போட்டு, கையில் கொடுத்து, பயிற்சியும் தருகிறான். வரலாறு கொஞ்சம் படித்தவன்கூட இங்கே சந்தேகப்பட்டிருப்பான். இசக்கிதுரைக்குப் பொறாமை கண்ணை மறைத்தது. அவன் பயந்துவிட்டான் என்று நினைத்தார்.

பயிற்சி தொடங்கியது. அவர் சமையலறைக்குள் நுழைந்தது வீட்டுக்குக் குடிவந்த நாளில் பால் காய்ச்சியதற்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

"ஏட்டி, லைட்டர் எங்க?"

"ஜன்னல்கிட்ட."

"பெரிய பர்னருக்கு எது?"

"எடப்பக்கம். உங்களுக்கு என்னத்துக்கு இந்தக் கஷ்டம்? குடுங்க, நான் போடுதேன்."

"நகரு அங்கிட்டு! அந்த ஆளு போடுதப்ப நீ எந்திரிச்சுப் போனியா? உக்காந்துதான இருந்த? இங்கயும் உக்காரு."

ஜெயசித்ரா அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். தோள் லேசாகக் குலுங்கியது. சாரலில் போய்வந்து இருமல் பிடித்துவிட்டது என்று நினைத்து, எதிர்வீட்டின் மேல் இன்னொரு குற்றத்தையும் சேர்த்துக்கொண்டார்.

இரண்டு விரலைச் சுட்டுக்கொண்டார். ஒரு கிண்ணம் உடைந்தது. ஆனால் வெந்நீரின் முதல் குமிழிக்கும் தளதளப்புக்கும் வித்தியாசம் தெரிந்துவிட்டது. ஊறிய இலையை எடுத்துப் பார்த்தார். மிளகாக இருந்தது முழு இலையாக, காம்போடு விரிந்து கிடந்தது. தம்மை அறியாமல் "அடேயப்பா" என்றார். உடனே சுற்றிலும் பார்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கூட்டரின் முன்னால் ஒரு குடத்தை வைத்து, குற்றாலம் போனார். சீசன் உச்சத்தில் இருந்தது. பேரருவிக்குப் போகிற வழியெல்லாம் ஈரத் துண்டுகள். எண்ணெய்த் தேய்ப்புக்காரர்கள் ஆட்களைப் பெஞ்சில் கிடத்தி, தொப்பையிலும் தோளிலும் சளார் சளாரென்று அறைந்துகொண்டிருந்தார்கள். தேய்த்து முடித்தவர்கள் எண்ணெய் வடிய, பளபளவென்று, வெண்கலச் சிலைகள் உயிர் பெற்று ஊர்வலம் போவதுபோல் அருவிக்கு நடந்தார்கள்.

பந்தோபஸ்தில் நின்ற ஏட்டு மாடக்கண்ணு முன்பு இசக்கிதுரையிடம் வேலை பார்த்தவன். சல்யூட் அடித்தான்.

"குளிக்கவா சார்?"

"குளிக்கலலே. தண்ணி வேணும். டீ போடுததுக்கு."

மாடக்கண்ணு குடத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அதுக்கு அந்தாக் கொழாய் இருக்கே சார்."

"கொழாயில என்னலே இருக்கு? அருவியில மலை மூலிகையெல்லாம் கரைஞ்சுலா வருது!"

"வருது சார். ஆனா வரும்போது... மேல நிக்கவன்லாம்..."

"எனக்குச் சொல்லித்தாரியாலே நீ?"

மாடக்கண்ணு வாயை மூடிக்கொண்டான். பழைய பழக்கம். அருவிக்கு நேர் கீழே கூட்டம் நெருக்கியடித்ததால், குளிப்பவர்களின் காலைத் தாண்டித் தண்ணீர் இறங்கி ஓடுகிற இடத்தில், கயிற்றை விலக்கி வழிவிட்டான். இசக்கிதுரை குனிந்து குடம் நிறைய மொண்டுகொண்டார். அவருக்கு மேலே ஒரு பஸ் நிறைய வந்த ஆண்கள், தலையிலும் மார்பிலும் வழிந்த நல்லெண்ணெயை, பரவசத்தோடு, அருவிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நாலு மணி. வெளியே சாரல். உள்ளே நாற்காலிகள். பால்வண்ணநாதனும் குருவம்மாளும் வந்தார்கள். இசக்கிதுரை சலவைச் சட்டை போட்டிருந்தார்.

"உக்காரு," என்றார் மனைவியிடம்.

"நானா?"

"நீதான். இந்த நாக்காலியில."

ஜெயசித்ரா உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்த விதத்தைப் பார்த்தபோது இசக்கிதுரைக்கு நெஞ்சில் என்னவோ செய்தது. அந்தப் பழைய படத்தில் பாதி வந்துவிட்டது.

வெந்நீரை இறக்கினார். முதல் தண்ணீரைக் கொட்டினார். இரண்டாவதை ஊற்றிக் காத்து, வடித்து, கிண்ணங்களில் பகிர்ந்தார். ஒரு துளி சிந்தவில்லை. துப்பாக்கி பிடித்த கை. ஒவ்வொரு கிண்ணத்தின் மேலும் சின்னச் சின்னப் பொன்வட்டங்கள் மிதந்தன. ஒன்றோடொன்று மோதிச் சேர்ந்து பெரிய வட்டமாயின.

"பாத்தியளா," என்றார் பெருமையாக. "மூலிகைச் சத்து. கேன் தண்ணியில இது வருமா?"

பால்வண்ணநாதன் கிண்ணத்துக்குள் பார்த்தார். நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். குருவம்மாள் இமையை ஒரு தடவை தாழ்த்தினாள். பால்வண்ணநாதன் கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடினார். மூடிய கண்ணோடு, ஒரு மடக்கில், முழுவதையும் குடித்தார்.

கைக்குட்டையால் உதட்டில் மினுங்கியதை அழுத்தித் துடைத்தார்.

"எப்பிடி?" என்றார் இசக்கிதுரை.

"சார்," என்றார் பால்வண்ணநாதன். "நான் தோத்துட்டேன்."

"நெசமாவா?"

"வெண்ணெ மாரி ஒரு வழுவழுப்பு சார். தைவான்லயே ஒண்ணு ரெண்டு தோட்டத்துலதான் அந்தப் பதம் வரும். நானும் இத்தன நாளா முக்குதேன், வரல. உங்க கைக்கு மொதத் தடவையே வந்துட்டு."

இசக்கிதுரை பெண்கள் பக்கம் திரும்பினார். இருவர் கிண்ணங்களும் காலியாக இருந்தன. "ரொம்பப் பிரமாதம்," என்றாள் குருவம்மாள். "இந்த மாரி நான் குடிச்சதே இல்ல," என்றாள் ஜெயசித்ரா. ஜன்னலோரக் குரோட்டன்ஸ் தொட்டியில் மண் மினுமினுத்ததை அவர் பார்க்கவில்லை.

பால்வண்ணநாதன் எழுந்தார். மழையில் வேகமாக வீட்டுக்கு ஓடினார். அவமானம் தாங்காமல் ஓடுகிறார் என்று இசக்கிதுரைக்கு ஒரு கணம் பாவமாகக்கூட இருந்தது. ஆனால் அவர் திரும்பி வந்தார். கையில் அந்த மரத்தட்டு, அதன் மேல் அவருடைய கூஜா, கிண்ணங்கள், மீதி இருந்த பொட்டலங்கள், கெட்டில் எல்லாம்.

"இனிமே இது உங்ககிட்ட இருக்கதுதான் சார் மொறை. எனக்கு இதுக்குத் தகுதி இல்ல."

"அட, வேண்டாம் அண்ணாச்சி..."

"இல்ல, வாங்கிக்கிடுங்க. மவன்கிட்டச் சொல்லி மாசாமாசம் எலையும் உங்க பேருக்கே அனுப்பச் சொல்லிருதேன். நானும் இதச் சும்மா ஒண்ணும் கத்துக்கிடல பாத்துக்கிடுங்க. தைவான்ல மவன் வீட்டுக்குக் கீழ் வீட்ல ஒரு கெழவரு இருந்தாரு. இவ தெனமும் சாயங்காலம் அவரு ஊத்திக் குடுக்காருன்னு போயி..."

"ஏங்க," என்றாள் குருவம்மாள்.

பால்வண்ணநாதன் நிறுத்திக்கொண்டார். தட்டை மேசையில் வைத்தார். வைத்ததும் அவர் முதுகு நிமிர்ந்த விதத்தை, விடுதலையாகிச் சிறை வாசலைத் தாண்டுகிற ஆட்களிடம் இசக்கிதுரை பலமுறை பார்த்திருக்கிறார். அன்று அடையாளம் தெரியவில்லை.

மறுநாள் நாலு மணிக்கு ஜெயசித்ரா குடையைத் தொடவில்லை. நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். இசக்கிதுரை ஊற்றிக்கொடுத்தார். வெளியே சாரல். இரண்டு நாற்காலி, இரண்டு கிண்ணம். அவள் குடித்துவிட்டு, "அடுத்த தண்ணிய இன்னும் கொஞ்சம் ஊற விடுங்க," என்றாள். அவர் ஊற விட்டார். அவள் ஏதோ பழைய கதை சொல்லிச் சிரித்தாள். எதிர்வீட்டிலிருந்து கேட்ட அதே சிரிப்பு, இப்போது பக்கத்து நாற்காலியில். தென்காசி ஜில்லாவிலேயே தம்மைவிடப் பாக்கியசாலி இல்லை என்று இசக்கிதுரை நினைத்தார்.

அதற்கடுத்த நாள் அவர் ஸ்கூட்டரில் குடத்தை வைத்தபோது ஜெயசித்ரா வாசலுக்கு வந்தாள்.

"அருவிக்கா? வேண்டாம். இனிமே கேன் தண்ணியிலயே போடுங்க."

"ஏன்? அருவித் தண்ணியிலதான நான் ஜெயிச்சேன்?"

"குரோட்டன்ஸ் செடி கருகிட்டு. நேத்தே கொடத்துல மிச்சம் இருந்ததக் கீழ கொட்டிட்டு, உங்களுக்குக் கேன் தண்ணியத்தான் ஊத்தி வச்சேன். ஒரு கொடத்துல அரைக் கரண்டி நல்லெண்ண தேறும்."

இசக்கிதுரை குடத்தைப் பிடித்தபடி நின்றார். "அப்பொ... அந்த ஆளு அம்புட்டையும் குடிச்சாரே?"

"பாவம், அண்ணாச்சி," என்றாள் ஜெயசித்ரா. உள்ளே போய்விட்டாள்.

அன்று நாலு மணிக்குக் குருவம்மாளும் வந்து உட்கார்ந்தாள். மறுநாளும் வந்தாள். வரும்போது கொறிக்க ஏதாவது கொண்டுவருவாள், உட்கார்ந்தால் எழுந்திருக்கமாட்டாள். இசக்கிதுரைக்கு நாற்காலி போய், தரையில் சம்மணம் போட வேண்டியதாயிற்று. தட்டுக்கு அதுதான் வசதி. ஏழு தண்ணீருக்கு எழுந்து எழுந்து உட்கார்ந்ததில் முழங்கால் பேச ஆரம்பித்தது. ஜன்னல் வழியாக எதிர்வீடு தெரிந்தது. அங்கே பால்வண்ணநாதன் சாய்வு நாற்காலியில், முகத்தில் செய்தித்தாளைப் போட்டுக்கொண்டு, வயிறு ஏறி இறங்க, நாலு மணிச் சாரலுக்குத் தூங்கிக்கொண்டிருந்தார். அவ்வளவு ஆழ்ந்த, அவ்வளவு நிம்மதியான தூக்கத்தை இசக்கிதுரை யாரிடமும் கண்டதில்லை.

பொறாமையாக இருந்தது.

பெண்கள் இருவரும் எழுந்து வாசலுக்குப் போனார்கள். அவர் சமையலறையில் கூஜாவை வெந்நீரில் கழுவி, சோப்புப் போடாமல், ஈரம் போகத் துடைத்துக்கொண்டிருந்தார். வாசலில் மூன்றாவதாக ஒரு குரல் கேட்டது. தெருமுனை மாரிச்செல்வி. செம்புத் தண்ணீர் தானாக எடுத்துக் குடிக்காத லிங்கேஸ்வரனின் மனைவி.

"நாளைக்கு நாலு மணிக்கு வந்துரு, மாரி," என்றாள் ஜெயசித்ரா. "நல்ல சேலையாக் கட்டி, தலைக்குப் பூ வச்சுக்க. திரும்பிப் போனதும் உன் வீட்டுக்காரர்ட்ட, எஸ்.ஐ. அண்ணாச்சி அவிய கையாலயே ஊத்திக் குடுக்காவன்னு, கொஞ்சம் நிறுத்திச் சொல்லு."